ஃபர்ம்வேர் ஏற்றியபின் ஸ்டோரேஜ் சுவிட்சில் பாதை அறுந்தால்: பின்வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வணக்கம். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். குன்னூரில் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவைத் தனியாளாகக் கவனித்துக்கொள்கிறீர்கள். ஸ்கேன் படங்களும் நோயாளர் பதிவுகளும் ஒரே ஸ்டோரேஜில் இருக்கின்றன; ஆறு சர்வர்கள் இரண்டு ஃபைபர் சேனல் (சர்வரையும் ஸ்டோரேஜையும் ஒளியிழையால் இணைக்கும் முறை) சுவிட்சுகள் வழியாக அதை அடைகின்றன. ஞாயிறு இரவு, இரண்டில் முதலாவது சுவிட்சில் புதிய ஃபர்ம்வேரை (சுவிட்சை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளை) ஏற்றினீர்கள். விடிந்தபோது பழைய சர்வர்கள் இரண்டுக்கு அந்தச் சுவிட்ச் வழியாக ஸ்டோரேஜ் தெரியவில்லை, மூன்றாவது ஒன்று தெரிந்தும் மந்தமாக ஓடுகிறது, சுவிட்சின் நிர்வாகப் பக்கமும் பிரவுசரில் திறக்க மறுக்கிறது. பழைய ஃபர்ம்வேருக்கே திரும்பிவிடலாமா, அல்லது இரண்டாவது சுவிட்சிலும் ஏற்றி இரண்டையும் ஒரே வெர்ஷனுக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வி ஒரு முடிவை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு எழுந்தது: கோளாறு ஃபர்ம்வேரில்தான் இருக்கிறது என்ற முடிவு. உண்மையில் கேட்க வேண்டியது, இது ஃபர்ம்வேரால் வந்ததா, அல்லது ஃபர்ம்வேர் ஏற்றியபோது நடந்த வேறொன்றால் வெளியே வந்ததா என்பதே. இன்றிரவு இரண்டில் எதையும் செய்யாதீர்கள் என்பது என் பதில். காரணத்தைக் கீழே சொல்கிறேன். நான் 17 ஆண்டுகளாக ஸ்டோரேஜ் நெட்வொர்க் வேலையில் இருப்பவன். கோயம்புத்தூரில் தொடங்கி, இப்போது கோத்தகிரியிலிருந்து மலையிலுள்ள சில நிறுவனங்களுக்குப் பார்த்துக்கொடுக்கிறேன். எனவே உங்கள் அறையின் ஈரம், மின்சாரம், உதிரிப் பாகம் மலையேறி வர ஆகும் நேரம் எல்லாம் எனக்குத் தெரிந்த சங்கதிகள்தாம்.

முதலில் இரண்டாவது சுவிட்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மருத்துவமனை இப்போது நின்றுகொண்டிருப்பது அந்த ஒற்றைக் காலில்தான். பாதை இழந்த இரண்டு சர்வர்களும் அதன் வழியாக மட்டுமே ஸ்டோரேஜை எட்டுகின்றன. அங்கே ஒரு கேபிளைத் தொட்டாலும் படங்கள் வருவது நின்றுவிடும். ஆகவே அந்தச் சுவிட்சின் மேல் ‘கை வைக்க வேண்டாம்’ என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். இரவுப் பணியில் வரும் எலெக்ட்ரீஷியனுக்கும் அது தெரிய வேண்டும். சிறிய 24 போர்ட் சுவிட்சுகள் பலவற்றில் பவர் சப்ளை ஒன்றுதான் இருக்கும். உங்களுடையதும் அப்படியானால், அந்த ஒரே கம்பி எந்த யு.பி.எஸ்.ஸில் செருகியிருக்கிறது, அந்த யு.பி.எஸ். எவ்வளவு நேரம் தாங்கும் என்று இன்றே பார்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தால் குன்னூரில் மின்சாரம் எப்போது திரும்பும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு சுவிட்சும் ஒரே வெர்ஷனில் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். அவற்றுக்கிடையே கேபிள் இணைப்பு இல்லையென்றால் அவை இரண்டு தனித்தனி ஃபேப்ரிக்குகள், அதாவது ஒன்றோடொன்று சேராத இரு வலைப்பின்னல்கள். ஒன்றின் வெர்ஷன் மற்றதற்குத் தெரியவே தெரியாது. வேறு வேறு வெர்ஷனில் சில வாரம் ஓடுவதால் தீங்கு எதுவும் இல்லை. ஃபேப்ரிக்கை இரண்டாகப் பிரித்து வைப்பதே, ஒன்றில் தவறு நேர்ந்தால் மற்றது தொடப்படாமல் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அடுத்து, ஆதாரத்தைச் சேர்த்து வைக்க வேண்டும். நீங்கள் குறிப்பிட்டிருக்கும் கட்டளைகளைப் பார்த்தால் சுவிட்ச் புரோகேட் வகை என்று தெரிகிறது. வேறு எதையும் செய்வதற்கு முன், சுவிட்சின் லாகுகளையும் எண்ணிக்கைகளையும் திரட்டிச் சேமிக்கும் ‘சப்போர்ட்சேவ்’ கட்டளையை ஓட்டி, அது தரும் கோப்புகளை வேறொரு கணினிக்கு அனுப்பிவிடுங்கள். சுவிட்ச் மறுபடி ரீபூட் ஆனால் போர்ட்டுகளின் பிழை எண்ணிக்கைகள் அழிந்துபோகும். பிறகு விற்பனையாளரின் உதவிப் பிரிவு கேட்கும்போது கொடுக்க ஒன்றும் இருக்காது. கோப்புகள் பத்திரமானபின் எண்ணிக்கைகளைப் பூஜ்யமாக்கி, மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எந்த எண் ஏறியிருக்கிறது என்பதுதான் பயன்படும் தகவல். ‘3,412 பிழை’ என்று மட்டும் சொன்னால் அது நேற்று வந்ததா, சென்ற ஆண்டு வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. சுவிட்சின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்பதையும் சர்வரின் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் பத்து நிமிடம் விலகியிருந்தால் லாகுகளைச் சேர்த்துப் படிக்கும்போது தலை சுற்றிவிடும்.

இனி, ஃபர்ம்வேர் ஏற்றும்போது சுவிட்சுக்குள் என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இவ்வகைச் சுவிட்சில் ஃபர்ம்வேரை வைக்க இரண்டு பகுதிகள் உண்டு. புதியது முதலில் ஓடாத பகுதியில் எழுதப்படுகிறது; பிறகு சுவிட்ச் அந்தப் பகுதியிலிருந்து எழுகிறது; எல்லாம் சரியென்றால் புதியதே மற்றப் பகுதியிலும் நகலாகிறது. அடுத்தடுத்த வெளியீடுகளுக்கு இடையே ஒரு படி மட்டும் ஏறினால், நிர்வாகப் பகுதி மட்டும் ரீபூட் ஆகி, தரவு ஓடும் சிப் தன் வேலையைத் தொடரும். போர்ட் விளக்குகள் அணைவதில்லை. ஒரே தாவலில் இரண்டு படி ஏறினால் பொதுவாக முழு ரீபூட் தேவைப்படும். அப்போது எல்லாப் போர்ட்டுகளிலும் ஒளி அணைந்து மீண்டும் எரியும். நீங்கள் இடைப்பட்ட வெளியீட்டைத் தாண்டிச் சென்றதாகவும், ஏற்றும்போது எல்லா விளக்கும் அணைந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பதிவில் எனக்கு முக்கியமாகப் படும் வரி அதுதான். நான்கு ஆண்டுகளாக அந்தச் சுவிட்சை யாரும் ரீபூட் செய்ததில்லை என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் ஞாயிறு இரவு இரண்டு காரியங்கள் சேர்ந்து நடந்திருக்கின்றன: ஃபர்ம்வேர் மாறியது; நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக ஒவ்வொரு போர்ட்டும் எதிர்முனையோடு முதலிலிருந்து பேசித் தொடர்பை ஏற்படுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக முதலாவதன் மேல் பழி விழுகிறது. என் அனுபவத்தில், ‘அப்கிரேடுக்குப் பின் வந்த கோளாறு’ என்று என்னை அழைத்தவற்றில் பெரும்பாலானவை அந்த ரீபூட்டினால் வெளிப்பட்ட பழைய கோளாறுகள்தாம். ஒளி ஏற்கெனவே மங்கிய ஒரு எஸ்.எஃப்.பி. (போர்ட்டில் செருகும் ஒளி மாட்யூல்) ஓடிக்கொண்டிருக்கும்வரை தாக்குப்பிடித்துவிடும், அணைத்து எழுப்பும்போது எழாது. தற்காலிகமாக டிசேபிள் செய்த போர்ட், நிரந்தரமாக முடக்குவதற்கான தனிக் கட்டளையைக் கொடுக்காததால், ரீபூட்டில் தானாக உயிர்பெற்றுவிடும். யாரோ செய்து சேமிக்காமல் விட்ட சோன் (எந்தச் சர்வர் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்ற ஒதுக்கீடு) மாற்றம் காணாமல் போகும். இவை எதற்கும் ஃபர்ம்வேர் பொறுப்பில்லை, இவற்றில் எதுவும் பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்புவதால் சரியாகப் போவதுமில்லை.

பாதை இழந்த இரண்டு சர்வர்களுக்கு வருகிறேன். ‘சுவிட்ச்ஷோ’ கட்டளை ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு நிலையைக் காட்டும். அந்தச் சொல்லை அப்படியே படியுங்கள். எந்தத் திசையில் தேட வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும். ‘நோ_லைட்’ என்றிருந்தால் எதிர்முனையிலிருந்து ஒளியே வரவில்லை: கேபிள், சர்வரின் எச்.பி.ஏ. கார்டு (சர்வரை ஃபைபர் சேனலோடு இணைக்கும் அட்டை), இரு முனைகளிலும் உள்ள எஸ்.எஃப்.பி. என்று பொருள்களைத்தான் பார்க்க வேண்டும். ஃபர்ம்வேரைப் பற்றிப் பேசவே தேவையில்லை. ‘மாட்_இன்வ்’ என்றிருந்தால் சுவிட்ச் அந்த எஸ்.எஃப்.பி.யை ஏற்க மறுக்கிறது என்று பொருள். விலை குறைவென்று வெளியே வாங்கிய மாட்யூல் எதையாவது முன்பு யாரேனும் செருகியிருந்தால் அது இங்கே தெரியவரும். ‘நோ_சிங்க்’ என்றிருந்தால் ஒளி வருகிறது, ஆனால் இரு முனைகளும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளவில்லை. ‘ஆன்லைன்’ என்று காட்டி, பக்கத்தில் எஃப்-போர்ட் (சர்வர் போன்ற கருவி இணைந்த போர்ட்) என்றும் சர்வர் கார்டின் 16 எழுத்து முகவரியும் இருந்தால், சுவிட்சைப் பொறுத்தவரை சர்வர் உள்ளே வந்துவிட்டது. அதற்கு மேலான அடுக்கில்தான் தடை.

நீங்கள் ‘நோ_சிங்க்’ என்று எழுதவில்லை. ஆனால் பாதை இழந்த இரண்டும் 8 ஜி.பி. எச்.பி.ஏ. கார்டு கொண்ட பழைய சர்வர்கள், மற்ற நான்கும் 16 ஜி.பி. என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பிரிவினை தற்செயலாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். 8 ஜி.பி. வேகம் வரை ஃபைபர் சேனல் பயன்படுத்திய குறியீட்டு முறை ஒன்று, 16 ஜி.பி.யிலிருந்து முறை வேறு. பழைய முறையில், அனுப்பத் தரவு எதுவும் இல்லாத நேரத்திலும் இரு முனைகளும் ஒரு நிரப்புச் சொல்லை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ‘ஃபில் வேர்டு’ என்று அதற்குப் பெயர். 4 ஜி.பி. வரை அது ‘ஐடில்’ என்ற சொல், 8 ஜி.பி.க்கு ‘ஆர்ப்’ வகைச் சொல் விதிக்கப்பட்டது. இந்த மாற்றக் காலத்தில் வந்த கார்டுகள் சில ஒன்றை எதிர்பார்க்கும், சில மற்றதை எதிர்பார்க்கும். அதனால் சுவிட்சில் போர்ட் வாரியாக 0 முதல் 3 வரை நான்கு அமைப்புகள் கொடுக்கப்பட்டன. 3 என்று வைத்தால் சுவிட்ச் முதலில் ‘ஆர்ப்’ முறையை முயன்று, பொருந்தாவிட்டால் மற்ற முறைக்கு மாறிக்கொள்ளும். இது 8 ஜி.பி. வேகத்தில் மட்டுமே பொருந்தும், 16 ஜி.பி. போர்ட்டுகளில் இதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இனிச் சொல்வது ஊகம், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு போர்ட்டுகளின் அமைப்பு முன்பிருந்தே 0 ஆக இருந்திருக்கலாம். சுவிட்ச் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நிலையில் சர்வர் எழுந்தபோது தொடர்பு எப்படியோ கூடிவிட்டது. இப்போது வரிசை தலைகீழாகி, சர்வர் காத்திருக்கச் சுவிட்ச் எழுந்ததால் கூடவில்லை. இது உண்மையா என்று அறிய எளிய வழி உண்டு. அந்தப் போர்ட் ‘நோ_சிங்க்’ காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால், ஒரே ஒரு சர்வரின் போர்ட்டில் மட்டும் வேகத்தைத் தானாகத் தேடும் நிலையிலிருந்து 8 என்று நிலைநிறுத்துங்கள். அதனாலும் எழவில்லையென்றால் ஃபில் வேர்டு அமைப்பை 3 ஆக்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் எது பலித்தது என்று தெரியாமல் போகும். நாளை இரண்டாவது சுவிட்சில் இதே சிக்கல் வரும்போது அந்த அறிவு தேவைப்படும். இந்த அமைப்பை மாற்றினால் அந்தப் போர்ட் ஒருமுறை விழுந்து எழும். ஏற்கெனவே விழுந்து கிடக்கும் போர்ட் என்பதால் இழப்பு இல்லை. ஆனால் போர்ட் எண்ணை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் முகப்பில் எழுதிய எண்ணும், நீங்கள் கேபிளில் ஒட்டிய சீட்டும், கட்டளைத் திரையில் வரும் எண்ணும் ஒன்றுதான் என்று நம்பி, தவறான போர்ட்டை இறக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

போர்ட் ‘ஆன்லைன்’ என்று காட்டியும் ஸ்டோரேஜ் தெரியவில்லையென்றால் தேட வேண்டிய திசை வேறு. ‘என்எஸ்ஷோ’ கட்டளையில் அந்தக் கார்டின் முகவரி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகியிருந்தால், நடப்பிலிருக்கும் சோன் அமைப்பில் அதே முகவரி, ஸ்டோரேஜ் போர்ட்டின் முகவரியோடு ஒரே சோனில் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். சுவிட்சில் எழுதி வைத்த சோன் அமைப்பு ஒன்று, நடப்பில் இயங்கும் அமைப்பு மற்றொன்று. முன்னதைத் திருத்தி, நடப்புக்குக் கொண்டுவர மறந்திருப்பது எல்லா இடங்களிலும் நடக்கும் தவறு. சோன் சரியாகவே இருந்தால், சர்வரின் டிரைவர் மறுபடி உள்நுழைய மறந்து உட்கார்ந்திருக்கக்கூடும். அப்போது அந்த ஒரு போர்ட்டை மட்டும் டிசேபிள் செய்து, சிறிது நேரம் பொறுத்து எனேபிள் செய்தால் போதும். சர்வரையே ரீஸ்டார்ட் செய்யலாம் என்று யாராவது சொன்னால், மற்றச் சுவிட்ச் வழியாக அந்தச் சர்வர் இப்போதும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதை நினைவூட்டுங்கள்.

மந்தமாக ஓடும் மூன்றாவது சர்வரைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்புவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஊட்டியில் ஒரு நிறுவனத்தில் இதே போன்ற நிலை ஏற்பட்டது. ஜூலை மாதம், தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சுவிட்சில் ஃபர்ம்வேர் ஏற்றிய மறுநாள் ஒரு போர்ட்டில் சி.ஆர்.சி. பிழை (தரவு வழியில் கெட்டதைக் காட்டும் எண்ணிக்கை) ஏறுகிறது என்று அழைத்தார்கள். ஃபர்ம்வேர்தான் காரணம் என்று மூன்று நாள் விவாதம் நடந்தது. திரும்பிப் போவதற்குத் தேதியும் குறித்தாயிற்று. தற்செயலாக, அப்கிரேடுக்கு முன் எடுத்து வைத்திருந்த சப்போர்ட்சேவ் கோப்பைத் திறந்து பார்த்தேன். அதே போர்ட்டில் அதே பிழை லட்சக்கணக்கில் ஏற்கெனவே இருந்தது. பல மாதங்களாகப் பிழை வந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பெரிய எண்ணை யாரும் பொருட்படுத்தவில்லை. ரீபூட்டில் எண்ணிக்கை பூஜ்யமாகி, ஒன்றிலிருந்து ஏறத் தொடங்கியதும்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது. அறைக்குள் போய்ப் பார்த்தால், குளிர்தான் இருக்கிறதே, ஏ.சி. எதற்கு என்று ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். பேட்ச் பேனல் அந்த ஜன்னலை ஒட்டி இருந்தது; மூடுபனி நேராக உள்ளே வந்து, இறங்கி, காய்ந்து, மறுபடி வந்திருக்கிறது. கேபிளைக் கழற்றி, முனையை ஃபைபர் பார்க்கும் உருப்பெருக்கியில் வைத்தேன். நடுவில் இருக்க வேண்டிய தெளிந்த வட்டத்தின் மேல், காய்ந்த நீர்த்துளி விட்டுச்சென்ற சாம்பல் நிற வளையம். அதன் ஓரத்தில் பொடிப்பொடியாகத் தூசு. ஒளி செல்லும் மையத்தின் அகலம் 50 மைக்ரான் மட்டுமே. ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அந்த வளையம் அதில் பாதியை மறைத்திருந்தது. உலர்ந்த துப்புரவுப் பேனாவை இரண்டு முறை அழுத்தி எடுத்ததும் மையம் கண்ணாடியாகத் தெளிந்தது. அன்றைக்குப் பிறகு அந்தப் போர்ட்டில் ஒரு பிழைகூட ஏறவில்லை.

ஆகவே உங்கள் மூன்றாவது சர்வரின் போர்ட்டில் ‘போர்ட்எர்ஷோ’ கட்டளையைக் கொடுத்து, சி.ஆர்.சி. என்ற வரிசையையும் அதற்கு அடுத்துள்ள, ‘நல்ல முடிவுக் குறியோடு வந்த சி.ஆர்.சி.’ என்ற வரிசையையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டாவது எண்ணும் ஏறினால், தரவு கெட்டுப்போனது அதே கேபிளில்தான். முதல் எண் மட்டும் ஏறி இரண்டாவது அசையாமல் இருந்தால், அந்தத் தரவு வேறெங்கோ கெட்டு, ‘கெட்டது’ என்ற முத்திரையோடு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. இந்தக் கேபிளை மாற்றிப் பயனில்லை. இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள்: பிழையை எண்ணுவது பெறும் முனை. சுவிட்ச் போர்ட்டில் பிழை ஏறினால் சர்வர் அனுப்பியது வழியில் கெட்டது என்று பொருள். சுவிட்ச் அனுப்பிச் சர்வருக்குப் போகும் வழியில் கெட்டதை, சர்வரிலுள்ள எச்.பி.ஏ. கார்டின் எண்ணிக்கையில்தான் பார்க்க முடியும். சுவிட்சில் எல்லாம் பூஜ்யமாக இருக்கிறது என்பதால் கேபிள் நல்லது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அது 16 ஜி.பி. போர்ட் என்பதால், பழைய ‘என்கோடிங்’ வரிசைகளை விட்டுவிட்டு ‘பி.சி.எஸ்.’ பிழை வரிசையைப் பாருங்கள்.

‘எஸ்எஃப்பிஷோ’ கட்டளை பெறும் ஒளியின் அளவை டி.பி.எம். என்ற அலகில் காட்டும். ஒரு போர்ட்டின் எண்ணைத் தனியாகப் பார்த்து நல்லது கெட்டது சொல்வதைவிட, அதே வகை மாட்யூல் கொண்ட பக்கத்துப் போர்ட்டுகளோடு ஒப்பிடுங்கள். மற்றவை ஒரு மட்டத்தில் இருக்க, இது மட்டும் 3 டி.பி. கீழே இருந்தால் ஒளியில் பாதி வழியில் தொலைந்துவிட்டது என்று கணக்கு. கேபிளின் வகையும் நீளமும் தெரிந்திருக்க வேண்டும்: 16 ஜி.பி. வேகத்தில் ஓ.எம்.3 கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். பழைய ஆரஞ்சு நிற ஓ.எம்.2 கேபிளுக்கு 35 மீட்டர்தான் எல்லை. சுத்தம் செய்யும்போது முனையில் வாயால் ஊதாதீர்கள், வேட்டித் துணியாலோ சட்டை நுனியாலோ துடைக்காதீர்கள். இந்த ஈரக் காற்றில் ஊதினால் அழுக்கோடு நீரும் சேர்ந்துகொள்ளும். கேபிளின் முனையைப் போலவே எஸ்.எஃப்.பி.யின் உட்புறமும் அழுக்காகும். ஒன்றை மட்டும் துடைத்துவிட்டு மறுபடி செருகினால் அழுக்கு மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

பிழை எதுவுமே ஏறாமல் மந்தம் மட்டும் இருந்தால், கேபிளை விட்டுவிட்டுக் கிரெடிட் கணக்கைப் பார்க்க வேண்டும். ஃபைபர் சேனலில் எதிர்முனை ‘இடம் இருக்கிறது’ என்று கிரெடிட் கொடுத்தால்தான் இந்த முனை தரவை அனுப்பும். கிரெடிட் பூஜ்யமாகக் காத்திருந்த நேரத்தை 2.5 மைக்ரோ விநாடி அலகுகளில் எண்ணும் ஒரு வரிசை போர்ட் புள்ளிவிவரத்தில் உண்டு. அது ஓரளவு ஏறுவது இயல்பு. ஒரே போர்ட்டில் மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு வேகமாக ஏறி, கூடவே ‘சி3 டிஸ்கார்டு’ (அனுப்ப முடியாமல் கைவிட்ட தரவு) எண்ணும் ஏறினால், எதிர்முனையிலிருக்கும் சர்வர் தரவை வாங்கிக்கொள்வதில் பின்தங்குகிறது. அந்தச் சர்வரின் டிரைவரையும் கார்டின் ஃபர்ம்வேரையும் பார்க்க வேண்டிய இடம் இது. புதிய சுவிட்ச் ஃபர்ம்வேரோடு பழைய எச்.பி.ஏ. டிரைவர் ஒத்துப்போகாத சாத்தியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்ல ஸ்டோரேஜ் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் உங்கள் மூன்று வெர்ஷன்களையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

நிர்வாகப் பக்கம் திறக்காததைப் பற்றிக் கவலை வேண்டாம். அதற்கும் தரவுப் பாதைக்கும் தொடர்பில்லை. புதிய வெளியீடுகள் பழைய மறையாக்க முறைகளைக் கழித்துவிடுகின்றன. உங்கள் பிரவுசரோ ஜாவாவோ அந்தப் பழைய முறையிலேயே நின்றிருக்கும். எஸ்.எஸ்.எச். வழியாக நுழைந்து பாருங்கள். அதுவும் மறுத்தால் பழைய டெர்மினல் மென்பொருளைப் புதுப்பித்து முயலுங்கள். எதுவும் இல்லையென்றால் சீரியல் கேபிள் இருக்கவே இருக்கிறது, வேகம் 9600. நிர்வாகப் பக்கம் திறக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சுவிட்சின் பவரைப் பிடுங்கிச் செருகிவிட வேண்டாம்.

இப்போது நீங்கள் நேரடியாகக் கேட்ட கேள்வி: திரும்பிப் போகலாமா? பழையதை ஒரே கட்டளையில் மீட்டுத் தரும் ‘ஃபர்ம்வேர்ரெஸ்டோர்’ என்பது, புதியது இரண்டு பகுதிகளிலும் நகலாவதற்கு முன் மட்டுமே உதவும். தானாக நகலாக வேண்டாம் என்று சொல்லி ஏற்றியவர்களுக்கே அந்த வாய்ப்பு. நீங்கள் வழக்கமான முறையில் ஏற்றியிருப்பதால் அந்த வாசல் ஞாயிறு இரவே மூடிவிட்டது. இனித் திரும்புவதென்றால் பழையதை மறுபடி முழுதாக ஏற்ற வேண்டும். இரண்டு படி இறங்குவதும் ஏறியதைப் போலவே எல்லாப் போர்ட்டுகளையும் அணைக்கும். இப்போது நன்றாக ஓடும் மூன்று சர்வர்களும் அந்தச் சோதனையை மறுபடி கடக்க வேண்டும். புதியதில் மட்டுமே உள்ள அமைப்பு எதையாவது இயக்கியிருந்தால், அதை நீக்கும்வரை இறங்க விடாது. இவ்வளவுக்குப் பிறகும் கோளாறு அழுக்குக் கேபிளிலோ ஃபில் வேர்டு அமைப்பிலோ இருந்தால் அது அப்படியே இருக்கும். திரும்பிப் போவது சரி என்று நான் சொல்லக்கூடிய நிலை ஒன்றுதான்: அந்த வெளியீட்டின் குறிப்பேட்டில் உங்கள் சுவிட்ச் மாதிரிக்கும் உங்கள் அறிகுறிக்கும் பொருந்தும் கோளாறு எழுத்தில் இருக்க வேண்டும், அல்லது உங்கள் சப்போர்ட்சேவைப் பார்த்த உதவிப் பிரிவு எழுத்தில் அப்படிச் சொல்ல வேண்டும். ஃபர்ம்வேரில் கோளாறே வராது என்று நான் வாதிடவில்லை. வரும், வந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அது வந்தால் பெரும்பாலும் எல்லாச் சர்வரையும் ஒரே விதமாகத் தொடும். ஆறில் இரண்டு, அந்த இரண்டும் பழைய கார்டு, மூன்றாவதன் அறிகுறி முற்றிலும் வேறு என்ற உங்கள் சித்திரம் அதற்கு ஒத்துவரவில்லை. அந்த இரண்டு போர்ட்டுகளும் ‘நோ_லைட்’ என்று காட்டினால் என் ஃபில் வேர்டு ஊகம் விழுந்துவிடும். வேகத்தை நிலைநிறுத்தியும் அமைப்பை 3 ஆக்கியும் எழாவிட்டால், எச்.பி.ஏ. கார்டின் பக்கம் போக வேண்டும். அங்கே என் பழக்கம் குறைவு, சர்வர் தயாரிப்பாளரை அழைப்பதே நல்லது.

இரண்டாவது சுவிட்சுக்கு எப்போது போகலாம்? முதல் சுவிட்சில் ஆறு சர்வர்களின் எல்லாப் பாதைகளும் எழுந்து, இரவுப் பேக்கப்போடும் பகல் கூட்டத்தோடும் ஒரு முழு வாரம் பிழை ஏறாமல் ஓடியபின். ஏற்றுவதற்கு முந்தைய நாள் ‘கான்ஃபிக்அப்லோட்’ செய்து அமைப்பைச் சேமியுங்கள், சப்போர்ட்சேவ் எடுங்கள், எந்தப் போர்ட்டில் எந்தச் சர்வர் என்பதைத் திரையிலிருந்து எழுதி வைத்து, சுவிட்சின் முகப்பைச் செல்பேசியில் படம் எடுங்கள். இரண்டு படி தாண்டாமல் இடைப்பட்ட வெளியீட்டில் ஒருமுறை நின்று ஏறுங்கள். நேரம் கூடும்; விளக்குகள் அணையாது. ஒவ்வொரு சர்வரிலும் முதல் சுவிட்ச் வழியான பாதைகள் உயிரோடு இருப்பதை, ஸ்டோரேஜுக்கான பாதைகளைப் பட்டியலிடும் சர்வரின் மல்டிபாத் திரையிலேயே பார்த்து உறுதி செய்தபின் கட்டளையைக் கொடுங்கள். சுவிட்சில் பச்சை விளக்கு எரிவது அதற்கு ஈடாகாது. அதே வகை எஸ்.எஃப்.பி. இரண்டும், ஓ.எம்.3 பேட்ச் கார்டு இரண்டும், துப்புரவுப் பேனா ஒன்றும் அறையில் இருந்தால்தான் தொடங்குங்கள். கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் வரவழைத்துக்கொள்ளலாம் என்று நம்பினால், மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் மண் சரிந்த இரவில் நீங்கள் ஒற்றைச் சுவிட்சோடு உட்கார்ந்திருப்பீர்கள். ஜன்னல் மூடியிருக்கட்டும். குன்னூரின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான். மெலிந்த காற்று வெப்பத்தைக் குறைவாகவே எடுத்துச்செல்லும், ஆகவே விசிறியின் முன்னும் பின்னும் அட்டைப்பெட்டி எதுவும் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளை நான்கு விவரங்களை இங்கே எழுதுங்கள்: அந்த இரண்டு போர்ட்டுகளுக்கும் ‘சுவிட்ச்ஷோ’ காட்டும் நிலை, ஒரு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு ‘போர்ட்எர்ஷோ’ வெளியீடுகள், மூன்றாவது சர்வரின் போர்ட்டுக்கும் அதன் பக்கத்துப் போர்ட்டுக்கும் ‘எஸ்எஃப்பிஷோ’ காட்டும் ஒளி அளவு, பழைய ஃபர்ம்வேர் எண்ணும் புதிய எண்ணும். கார்டு முகவரிகளையும் சர்வர் பெயர்களையும் அழித்துவிட்டுப் போடுங்கள், இது பொது இடம். இரவு எட்டு மணிக்கு மேல் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.